வேட்டிக்காக வந்த சட்டம்... பக்கத்து சீட் தோழியின் மேகேலாவுக்கும் பொருந்துமா?

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னாடி ஹெச்.ஆரிடமிருந்து ஒரு மெயில் வரும். 'வெள்ளிக்கிழமை எத்னிக் டே. எல்லோரும் பாரம்பரிய உடையில் வரவும்.' பசங்க பீரோவில் ஒட்டிக்கோ வேட்டியைத் தேடுவார்கள். பெண்கள் அம்மாவின் பட்டுப்புடவைக்கு பிளவுஸ் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பக்கத்து சீட்டில் வேலை பார்க்கும் மணிப்பூர்ப் பெண் மட்டும் பெரும்பாலும் கடையில் வாங்கிய ஒரு குர்தாவில் வந்து நிற்பார். அவருடைய ஊரில் பாரம்பரிய உடை என்றால் ஃபனேக். அதைக் கட்டிக்கொண்டு வந்தால், 'இதென்ன, லுங்கி மாதிரி இருக்கு?' என்று யாராவது கேட்பார்கள் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

சென்னையின் தெற்குப் புறநகரில் இது இன்னும் கொஞ்சம் பக்கத்து விஷயம். தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையில் சேலையூரைத் தாண்டினால் ராஜகீழ்ப்பாக்கம். ஒரு பக்கம் விமானப்படைத் தளம். அங்கே வேலை செய்யும் குடும்பங்கள் பஞ்சாப் முதல் மிசோரம் வரை எங்கிருந்தும் வந்திருக்கலாம். 1937-ல் தாம்பரத்துக்கு இடம் மாறிய சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் வடகிழக்கு மாணவர்கள் படிக்கிறார்கள். சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம். தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து அஸ்ஸாமின் சில்காட் டவுன் வரை நேரடியாக ஒரு வாராந்திர ரயிலே ஓடுகிறது. மெயின் ரோட்டில் ஒரு மணி நேரம் நின்றால் வேட்டி, சுடிதார், தலைப்பாகை, புர்கா, கழுத்தில் சிவப்புக் கரை போட்ட வெள்ளைத் துண்டு என்று எல்லாம் கண்ணில் படும். அந்தத் துண்டுக்குப் பெயர் கமோசா. அஸ்ஸாமியர்களுக்கு அது வெறும் துண்டு இல்லை, மரியாதை.

இவ்வளவு பேருக்கும் சம்பந்தப்பட்ட ஒரு சட்டம் தமிழ்நாட்டில் 2014-லிருந்து இருக்கிறது. பலருக்கு அது 'வேட்டி சட்டம்' என்றுதான் தெரியும். அதில் வேட்டிக்குப் பிறகு வரும் சில வார்த்தைகள்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

2014-ல் என்ன நடந்தது?

ஜூலை 11, 2014. சேப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்பில் ஒரு புத்தக வெளியீட்டு விழா. அழைப்பின் பேரில் வந்தவர் அப்போது சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த டி.ஹரிபரந்தாமன். வேட்டி, சட்டையில் வந்திருந்தார். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கிளப்பின் உடை விதிப்படி பேன்ட், ஷூ வேண்டும், வேட்டி கூடாது. வேட்டியில் வந்த வழக்கறிஞர்களுக்கும் அதே பதில்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. இந்திய பார் கவுன்சிலின் விதிகள் ஆண் வழக்கறிஞர்கள் கறுப்பு கோட்டுடன் வேட்டி கட்டி வாதாட அனுமதிக்கின்றன. அதாவது, உயர் நீதிமன்றத்துக்குள் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு உடை, சில கிலோமீட்டர் தள்ளி ஒரு கிளப் வாசலில் செல்லாது. காந்தி பேன்ட், சட்டையை அல்ல, குஜராத்தி உடையை விட்டு அரை வேட்டிக்கு மாறியதும் இதே மாநிலத்தில்தான் (மதுரை, 1921 செப்டம்பர் 22). பத்து வருஷம் கழித்து லண்டனில் அரசரைச் சந்திக்கப் போனபோதும் அவர் அந்த உடையை மாற்றவில்லை.

செய்தி வெளியானதும் சட்டமன்றத்தில் எல்லாக் கட்சிகளும் கொந்தளித்தன. அபூர்வமான ஒற்றுமை! அப்போதைய முதல்வர் ஜெயலலிதா சட்டம் வரும் என்று அறிவித்தார். ஆகஸ்ட் மாதமே மசோதா நிறைவேறியது. சுமார் ஒரு மாதத்தில் ஒரு சம்பவம் சட்டமானது. தடுக்கப்பட்டவர் நீதிபதி என்பதால்தான் இந்த வேகம் என்று அப்போதே ஒரு முணுமுணுப்பு இருந்தது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. நீதிபதிக்கு முன்னாலும் அந்த மாதிரி வாசல்களில் எத்தனையோ பேர் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

முழுப் பெயர் நீளமானது. தமிழில் சொன்னால், 'தமிழ்நாடு பொது இடங்களில் நுழைதல் (உடை மீதான கட்டுப்பாட்டை நீக்குதல்) சட்டம், 2014'. சாரம் எளிது. தமிழ்ப் பண்பாட்டைப் பிரதிபலிக்கும் வேட்டியோ, வேறு எந்த இந்தியப் பாரம்பரிய உடையோ அணிந்து வரும் ஒருவரை, அந்த உடையை மட்டுமே காரணமாக வைத்துப் பொது இடத்தில் நுழைய விடாமல் தடுக்கக் கூடாது. பொழுதுபோக்கு கிளப், சங்கம், அறக்கட்டளை, கம்பெனி என்று எதுவும் அப்படி ஒரு விதியை வைத்துக்கொள்ள முடியாது. ஏற்கெனவே இருந்தாலும் செல்லாது. மீறினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். கிளப்பின் உரிமத்தையும் ரத்து செய்யலாம்.

'வேறு எந்த இந்தியப் பாரம்பரிய உடையோ' என்பதைக் கவனியுங்கள். வேட்டிக்காகக் கோபப்பட்ட ஒரு சட்டமன்றம், போகிற போக்கில் காசிப் பெண்ணின் ஜைன்செமுக்கும், மிசோ பெண்ணின் புவானுக்கும், நீலகிரித் தோடரின் பூத்குளிக்கும் சேர்த்தே கதவைத் திறந்துவிட்டது. அப்போது சபையில் இருந்தவர்களில் எத்தனை பேர் இதை யோசித்தார்கள் என்று தெரியாது. ஆனால் எழுத்தில் இருக்கிறது. சட்டத்தில் எழுத்துதானே பேசும்.

ஜைன்செமா? அது என்ன?

மேகாலயாவின் காசி இனப் பெண்கள் அணிவது. இரண்டு நீளத் துணிகள், இரண்டு தோளிலும் ஒவ்வொன்றாக முடிந்தோ பின் குத்தியோ கணுக்கால் வரை தொங்கும். தையல் கிடையாது, இடுப்பில் இறுக்கமும் கிடையாது. வீட்டில், வேலையில் இருக்கும்போது மேலே கட்டம் போட்ட ஒரு பருத்தித் துணியை ஏப்ரன் மாதிரி கட்டிக்கொள்வார்கள். அதன் பெயர் ஜைன்கிர்ஷா.

2017 ஜூன் 25 அன்று டெல்லி கோல்ஃப் கிளப்புக்கு ஒரு காசிப் பெண் ஜைன்செம் அணிந்து மதிய உணவுக்குச் சென்றார். உறுப்பினர் ஒருவரின் விருந்தினராக முறைப்படி அழைக்கப்பட்டவர். சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுந்து வெளியே போகச் சொன்னார்கள். உடையைப் பார்த்தால் வேலைக்காரி மாதிரி இருக்கிறது என்று சொன்னதாக அவருடன் சென்றவர் எழுதியது நாடு முழுக்கப் பரவியது. அதே உடையில் அவர் பல நாடுகளுக்குப் போய்வந்தவர். எங்கேயும் இந்தப் பிரச்சினை வந்ததில்லை. மேகாலயா கொதித்தது, கிளப் வருத்தம் தெரிவித்தது. அவ்வளவுதான். டெல்லியில் நம்முடையது போல ஒரு சட்டம் இல்லை.

சேப்பாக்கத்தையும் டெல்லியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேட்டி விஷயத்தில் கோபப்பட ஏழு கோடிப் பேர் இருந்தார்கள். மாநில அரசு இருந்தது. காசி மக்கள் மொத்தமே சுமார் பதினான்கு லட்சம், அதுவும் இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி. பாரம்பரிய உடைக்கு மரியாதை கிடைப்பது, அந்த உடைக்குப் பின்னால் எத்தனை ஓட்டு நிற்கிறது என்பதைப் பொறுத்துதான் பெரும்பாலும் அமைகிறது. ஆனால் ஊர் விட்டு ஊர் போனால் பெரும்பான்மையும் சிறுபான்மைதான். 2024 ஜூலையில் பெங்களூருவில் வேட்டி கட்டி, மகனோடு சினிமா பார்க்க வந்த ஒரு விவசாயியை மால் ஊழியர்கள் உள்ளே விடவில்லை. வீடியோ வைரலாகி, விஷயம் கர்நாடக சட்டமன்றம் வரை போய், அந்த மாலை ஏழு நாள் மூடப் போவதாக அமைச்சர் அறிவித்தார். அந்த விவசாயி வேறு நாட்டுக்காரர் இல்லை, அதே கர்நாடகத்துக்காரர்.

வாசலில் தடுக்கும் செக்யூரிட்டியை மட்டும் திட்டுவதில் அர்த்தமில்லை. நம்ம பகுதியில் பல அபார்ட்மென்ட், மால் வாசல்களில் நிற்பவர்களே அஸ்ஸாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் ஊர் உடையைப் பெட்டியில் வைத்துவிட்டு, கம்பெனி கொடுத்த நீல பேன்ட்டில் நின்றுகொண்டு, மற்றவர்களின் உடையைச் சோதிக்கச் சொல்லப்பட்டவர்கள்.

இந்த உடைகளை எப்படி அடையாளம் காண்பது?

எல்லாவற்றையும் 'வடகிழக்கு டிரெஸ்' என்று ஒரே மூட்டையில் கட்டுவது, வேட்டி, முண்டு, பஞ்சகச்சம் எல்லாம் ஒன்றுதான் என்று சொல்வது போல.

அஸ்ஸாமின் மேகேலா சாதோர் இரண்டு பகுதி. மேகேலா என்பது இடுப்பிலிருந்து கீழே, குழாய் போலத் தைத்த துணி. மடிப்பு வைத்துச் செருகுவார்கள். சாதோர் மேலே. ஒரு முனையை மேகேலாவில் செருகி, மறுமுனையைத் தோளில் போடுவது. தூரத்திலிருந்து பார்த்தால் புடவை, நம்ம தாவணியின் சொந்தக்காரி என்றும் சொல்லலாம். பெயரும் நமக்கு அந்நியமில்லை. இடுப்பணியைக் குறிக்கும் நம்ம 'மேகலை'யும் இதுவும் ஒரே வடமொழி வேரிலிருந்து வந்தவை.

மணிப்பூரின் மெய்தேய் பெண்கள் கட்டும் ஃபனேக், இடுப்பைச் சுற்றிக் கட்டும் ஒற்றைத் துணி. விசேஷங்களுக்கு உரியதில் கரையில் நுணுக்கமான தையல் வேலை இருக்கும். மேலே மெல்லிய இன்னஃபி. 'லுங்கி மாதிரி' என்பவர்கள் அந்தக் கரையை ஒரு தடவை கிட்டத்தில் பார்க்க வேண்டும். மிசோரமில் புவான். அதிலேயே புவான்செய் என்ற வகை கல்யாணத்துக்கும் செராவ் என்ற மூங்கில் நடனத்துக்கும் உரியது. தினமும் கட்டுவதில்லை.

நாகா சால்வைகள் தனிக் கதை. கறுப்பு, சிவப்பு, வெள்ளைப் பட்டைகள் வெறும் டிசைன் கிடையாது. எந்தப் பழங்குடி, என்ன தகுதி என்று சொல்லும் மொழி. ஆவோ நாகர்களின் சுங்கோதெப்சு சால்வையை எல்லோரும் போட்டுவிட முடியாது. அந்தக் காலத்தில் போரில் வீரம் காட்டியவர்களுக்கும், மிதுன் என்ற மாட்டைப் பலியிட்டு ஊருக்கு விருந்து வைத்தவர்களுக்கும்தான் அந்த உரிமை. ஆன்லைனில் 'ட்ரைபல் ஷால்' என்று வாங்கி எத்னிக் டே அன்று போடுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ராணுவத்தில் சேராத ஒருவர் பதக்கம் குத்திக்கொண்டு வந்தால் நமக்கு எப்படி இருக்கும்?

நம்ம மாநிலத்துக்குள்ளேயே தோடர்கள் இருக்கிறார்கள். முரட்டு வெள்ளைப் பருத்தியில் சிவப்பும் கறுப்புமாக எம்பிராய்டரி. துணியில் வரைந்து வைத்துத் தைப்பதில்லை. இழைகளை எண்ணி எண்ணி ஊசி போடுவார்கள். 2013-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

மேகேலாவும் நம்ம வேட்டியும் ஒரே லிஸ்ட்டில்!

உடையை உள்ளே விடுவது ஒரு பிரச்சினை என்றால், அதை நெய்பவர் பிழைப்பது இன்னொன்று. இங்கே இன்னொரு சட்டம் வருகிறது. 1985-ம் வருடத்திய கைத்தறி (உற்பத்திக்கான பொருள்கள் ஒதுக்கீடு) சட்டம். சில துணிகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்யலாம், விசைத்தறியில் கூடாது என்கிறது. முதலில் 22 வகைகள் இருந்தன. பிறகு 11 ஆகச் சுருங்கியது. விசைத்தறிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள், 1993-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது.

அந்த 11 வகைகளில் புடவை, வேட்டி, துண்டு, லுங்கி, ஜமக்காளம் இருக்கின்றன. கூடவே சாதோர், மேகேலா, ஃபனேக்கும் இருக்கின்றன. எல்லாப் புடவையும் எல்லா வேட்டியும் அல்ல. கரை, நெசவு முறை ஆகியவற்றைப் பொறுத்துக் குறிப்பிட்ட வகைகள்தான். காஞ்சிபுரம் நெசவாளியும் அஸ்ஸாமின் சுவால்குச்சி நெசவாளியும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லாமல் ஒரே பாதுகாப்பின் கீழ் இருக்கிறார்கள். ஒரே ஆபத்தின் கீழும்.

ஆபத்து என்ன? விசைத்தறியில் நெய்த நகல். கையால் நெய்யப் பல நாள் எடுக்கும் ஒரு துணியை இயந்திரம் சில மணி நேரத்தில் தள்ளிவிடும். விலையும் அதற்கேற்ப விழும். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள். இவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாநிலங்களில் முதலிடம் அஸ்ஸாமுக்கு. அங்கே தறி என்பது தொழிற்சாலை இல்லை, வீட்டுத் திண்ணையில் இருக்கும் பொருள். நகல் துணி சந்தையில் ஜெயித்தால் அடி விழுவது அந்தத் திண்ணையில். 2022 டிசம்பரில் கமோசாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அடுத்த ஆண்டே, விசைத்தறி கமோசா, மேகேலா சாதோர் விற்பனையைத் தடுக்க அஸ்ஸாம் அரசு இறங்கியது. பிகு பண்டிகை நெருங்கும் நேரம், நகல் கமோசாக்கள் சந்தையில் குவியும் நேரம்.

ஒரு சின்ன விளக்கம். புவிசார் குறியீடு இருந்தால் யாரும் நகல் எடுக்க முடியாது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது காப்பது முதன்மையாகப் பெயரை. வேறு பெயரில், கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு துணி வந்தால் தடுப்பது கஷ்டம். அதனால்தான் குறியீட்டோடு ஒதுக்கீட்டுச் சட்டமும் தேவைப்படுகிறது. வாங்கும்போது கைத்தறி முத்திரையைப் பார்த்து வாங்குங்கள் என்பதுதான் நம்மால் செய்ய முடிந்தது. விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால், சந்தேகப்படலாம்.

'பாரம்பரியம்' என்றால் எத்தனை வருஷம்?

சட்டம் பாரம்பரிய உடை என்கிறது. ஆனால் எது பாரம்பரியம் என்று யார் முடிவு செய்வது? இன்று ஆபீஸ் எத்னிக் டே அன்று பெண்கள் கட்டும் புடவைக்கட்டு, அதாவது முன்னால் கொசுவம், இடது தோளில் முந்தானை, உள்ளே பிளவுஸும் பாவாடையும், இது இந்தியா முழுக்கப் பொதுவானது சமீபத்தில்தான். 1860-களில் பம்பாய்க்குப் போன வங்கப் பெண் ஞானதானந்தினி தேவி (ரவீந்திரநாத் தாகூரின் அண்ணி) பார்சிப் பெண்களிடம் பார்த்த முறையைத் தன் ஊருக்கு ஏற்ப மாற்றினார். இன்றைய கட்டு உருவானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. நம்ம பாட்டிகளின் கண்டாங்கிக் கட்டும் பின்கொசுவமும் அதைவிடப் பழையவை. ஆனால் அவற்றில் ஆபீஸுக்குப் போனால் 'ஃபேன்ஸி டிரெஸ்ஸா?' என்பார்கள்.

பாரம்பரியம் எல்லாம் பெருமைக்குரியதும் அல்ல. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தபோது நாடார் பெண்கள் மேலாடை அணியத் தடை இருந்தது. அந்தத் தடையும் அன்று 'வழக்கம்' என்ற பெயரில்தான் நியாயப்படுத்தப்பட்டது. தோள்சீலைப் போராட்டம் பல பத்தாண்டுகள் நீடித்தது. 1859 ஜூலை 26 அன்று அரசாணை வந்தது. அதிலும் ஒரு நிபந்தனை. மார்பை மறைக்கலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணிவது போல அணியக் கூடாது! உடையைப் பார்த்து ஆளை எடைபோட வசதியாக ஒரு வித்தியாசத்தை மிச்சம் வைத்தார்கள். டெல்லி கிளப்பில் 'வேலைக்காரி மாதிரி' என்று சொன்னதாக வந்த அந்த வார்த்தையை இதோடு சேர்த்துப் படித்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.

அப்புறம் கைலி. சாரம், லுங்கி என்று எப்படிச் சொன்னாலும், தமிழ்நாட்டில் எந்த மதத்து வீட்டிலும் இருக்கும் உடை. குறிஞ்சிப்பாடிக் கைலி கடல் தாண்டிப் போகிறது. மத்திய அரசின் அந்த 11 வகைப் பட்டியலிலும் லுங்கி இருக்கிறது. இவ்வளவு இருந்தும் வேட்டிக்குத் தினம் கொண்டாடுகிறோம், கைலிக்கு இல்லை. கைலியில் ஒரு கொத்தனார் மால் வாசலுக்கு வந்தால் 2014 சட்டம் அவரைக் காப்பாற்றுமா? 'வேறு எந்த இந்தியப் பாரம்பரிய உடையும்' என்ற சொற்களுக்குள் கைலி வராது என்று வாதாடுவது எனக்குக் கஷ்டமாகத்தான் தெரிகிறது. பிரச்சினை சட்டத்தில் இல்லை, கைலியை வீட்டு உடை, கூலி உடை என்று பார்க்கும் நம்ம கண்ணில். வெள்ளை வேட்டிக்காகக் குரல் கொடுப்பது சுலபம். கட்டம் போட்ட கைலிக்கு யார் கொடுப்பார்?

ஆபீஸுக்கும் இந்தச் சட்டம் பொருந்துமா?

இங்கே குழப்பம் வேண்டாம். 2014 சட்டம் பொது இடத்தில் நுழைவது பற்றியது. ஊழியருக்கு நிறுவனம் வைக்கும் உடை விதி, யூனிஃபார்ம், தொழிற்சாலையில் பாதுகாப்புக்காக வைக்கும் கட்டுப்பாடு எல்லாம் வேறு கணக்கு. ஓடும் மெஷின் பக்கத்தில் சாதோரின் முனை தொங்கக் கூடாது என்றால் அது பாகுபாடு இல்லை. ஹிஜாப் போன்ற மத உடைகள் அரசியல் சாசனத்தின் மதச் சுதந்திரப் பிரிவுக்குள் போகும் கேள்வி. கர்நாடக ஹிஜாப் வழக்கில் 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் மாறுபட்ட தீர்ப்பு கொடுத்தது நினைவிருக்கலாம்.

அரசு ஊழியர்களுக்கு 2019-ல் தமிழ்நாடு அரசு ஓர் உடை ஆணை போட்டது. பெண்களுக்குப் புடவை, சல்வார், துப்பட்டாவுடன் சுடிதார். ஆண்களுக்குச் சட்டை, ஃபார்மல் பேன்ட் அல்லது வேட்டி அல்லது இந்தியப் பாரம்பரிய உடை. 2024-ல் துணை முதல்வர் உதயநிதி ஸ்டாலினின் டி-ஷர்ட் மீது வழக்கு வந்தபோது இந்த ஆணைதான் மறுபடி பேசப்பட்டது. ஆண்களுக்கான வரியில் பாரம்பரிய உடை என்று பொதுவாகச் சொன்ன அரசு, பெண்களுக்கு மட்டும் குறிப்பிட்ட உடைகளாகப் பட்டியல் போட்டதைக் கவனித்தீர்களா? தலைமைச் செயலகத்தில் வேலைக்குச் சேரும் ஒரு மிசோ பெண் புவான் கட்டி வந்தால் என்ன பதில் என்பதற்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

வாசலில் தடுத்தால் என்ன செய்யலாம்?

முதலில், காரணம் உடை மட்டும்தானா என்று கேளுங்கள். டிக்கெட், அழைப்பிதழ், உறுப்பினர் அட்டை இல்லாததால் நிறுத்தினால் இந்தச் சட்டம் வராது. உடைதான் என்றால், விதியை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். மேனேஜரை வரவழையுங்கள். செக்யூரிட்டியிடம் கத்துவதால் பயனில்லை, விதி போட்டவர் அவர் இல்லை. யார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். போலீஸில் புகார் கொடுக்கலாம். கூட வந்த நண்பருக்குத் தமிழ் தெரியாது என்றால் நீங்கள் நின்று பேசுங்கள். புகார் எழுதும்போது 'வேட்டி சட்டம்' என்று எழுத வேண்டாம். மேகேலாவுக்கும் வேட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று ஸ்டேஷனில் கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முழுப் பெயரையும் 2014 என்ற வருடத்தையும் போட்டு எழுதுங்கள். பெயர் நீளம்தான். இந்தக் கட்டுரையின் மேல் பகுதியில் இருக்கிறது, ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.